பதினோரு மணி மறுப்பு

எளிமை ஆணையம் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து லிஃப்ட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. அதற்கு முன் மேல் மூன்று மாடிகளில் ஒரு காப்பீட்டு அலுவலகம் இருந்தது. அவர்கள் கோப்புகளோடு வந்தார்கள், கோப்புகளோடு போனார்கள், லிஃப்ட் ஒருநாளும் முனகியதில்லை. ஆணையம் எளிமையோடு வந்தது. எளிமை இவ்வளவு கனமான சரக்கு என்பது லிஃப்ட்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படுக்க மரப்பலகைகள் வந்தன. ஒவ்வொன்றும் நாலு ஆள் தூக்கும் கனம், கணுவே இல்லாமல் ஒரே மரத்தில் அறுத்தது. முரட்டுக் கம்பளிகள் வந்தன. துவைத்தாலும் முரட்டுத்தனம் போகாமலிருக்க அவற்றுக்கென்று தனிச் சோப்பு. மண் குவளைகள் பஞ்சு அடைத்த பெட்டிகளில் வந்தன. பத்தாம் மாடியில் 'ஒன்றுமில்லாத அறை' என்று ஓர் அறை தயாரானது. அதில் ஒன்றுமில்லாமல் செய்ய ஏழு வாரம் பிடித்தது. "இன்னும் கொஞ்சம் வெறுமையா வேணும்" என்று தலைவர் சொல்லச் சொல்லச் சுவரைப் பூசினார்கள், சுரண்டினார்கள், மறுபடி பூசினார்கள். சிமென்ட் மூட்டை அத்தனையும் லிஃப்ட்டில்தான் ஏறியது.

லிஃப்ட்காரர் அங்கே பதினெட்டு வருஷமாக இருக்கிறவர். பொத்தானை அழுத்துகிற வேலை இல்லை அவருக்கு. பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். மொட்டை மாடி மோட்டார் அறையில் ஏறி பிரேக்கைப் பார்ப்பது, கதவு இடுக்கில் யார் கையும் சிக்காமல் பார்த்துக்கொள்வது, கம்பி வடத்தின் மேல் துணியை வைத்து மெதுவாக உருவிப் பார்ப்பது, இதெல்லாம் அவர் வேலை. துணியின் நூல் மாட்டினால் அந்த இடத்தில் வடத்தின் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆணையம் வந்த மூன்றாம் மாதம் துணி இரண்டு இடத்தில் மாட்டியது.

ஆணையத்தின் நோக்கம் என்னவென்றால், சாமி கும்பிடுகிறவர்களுக்கு நோன்பு உண்டு, விரதம் உண்டு. கும்பிடாதவர்கள் பாவம், பசித்தால் சாப்பிட்டுவிடுகிறார்கள். இதை இப்படியே விட்டால் நாடு என்ன ஆவது என்று மேலிடத்தில் யாரோ கவலைப்பட்டு, கடவுள் இல்லாத துறவு ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். கடவுளை மட்டும் எடுத்துவிட்டார்கள். மணி அடிப்பது, வரிசையில் நிற்பது, பேசக் கூடாத இடம், தலைவர் உள்ளே வந்தால் எழுந்திருப்பது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'இங்கே கடவுள் இல்லை. செருப்பைக் கழற்றவும்.'

தலைவர் துறந்தவற்றின் பட்டியல் கீழ்த்தளத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. சொந்தக் காரைத் துறந்திருந்தார். ஆணையத்தின் காரில் போவார். சர்க்கரையைத் துறந்திருந்தார், மலைத்தேன் வரும். கோபத்தையும் துறந்திருந்தார், அவருக்காகக் கோபப்பட ஒரு செயலாளர் இருந்தார். பட்டியலில் முப்பத்தோரு வரி. லிஃப்ட் வரும்வரை காத்திருக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்களைத் தாங்களே குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

அந்தத் தலைவரோடு லிஃப்ட்காரருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது, கல் வருகிறவரைக்கும்.

ஒன்றுமில்லாத அறைக்கு ஒரு கல் வந்தது. தலைவர் உட்கார. சாம்பல் நிறம், மேலே வழவழப்பு, பார்த்தாலே முதுகெலும்பைத் தாக்கும் கனம்.

"ஒண்ணுமில்லாத ரூம்ல கல் எதுக்கு சார்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்கிறதை உக்காந்து பாக்க ஒரு இடம் வேணுமில்லையா?"

"லிஃப்ட் தாங்காது சார். அறுநூறு கிலோதான் கணக்கு. இதை கிரேன் வச்சுத்தான் ஏத்தணும்."

"இது எளிமையான கல்லுப்பா. அவ்வளவெல்லாம் கனக்காது" என்றார் தலைவர். சொன்னதோடு நிற்காமல், கல்லுக்குத் துணையாகத் தானும் ஏறி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். படம் எடுத்தார்கள். கதவு மூடியது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

லிஃப்ட்காரர் மொட்டை மாடிக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். பதினேழு நிமிஷம் ஆனது. முதல் பதின்மூன்று நிமிஷமும், ஒரு மாத உண்ணாநோன்பு இரண்டு முறை முடித்தவரும் நாற்பது நாள் மௌனத்தில் பதக்கம் வாங்கியவருமான தலைவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருந்தார். "யாருப்பா மேல? போயிடாதீங்கப்பா. எனக்கு மூச்சு முட்டுது. பிஸ்கட் ஏதாவது இருந்தா இடுக்கு வழியா போடுங்கப்பா." கடைசி நாலு நிமிஷம் பேச்சு இல்லை, அழுகை மட்டும். எட்டாம் மாடியில் கதவைத் திறந்து கை கொடுத்து வெளியே இழுத்தவர் லிஃப்ட்காரர். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேட்டது அழுகை இல்ல. அது ஒரு மூச்சுப் பயிற்சி."

"சரிங்க சார்."

"உங்க துறவுச் சான்றிதழ் எங்கே?"

"நான் கட்டடத்து ஆள் சார். ஆணையத்து ஆள் இல்ல."

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. கட்டடத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் எதையாவது துறந்ததற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம். லிஃப்ட்காரருக்கு ஐம்பத்து நாலு வயசு. இந்த ஒரு கட்டடத்தின் வடத்தையும் பிரேக்கையும் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.

சான்றிதழ் கொடுக்கிற மதிப்பீட்டாளர் அம்மா எட்டாம் மாடியில் இருந்தார். நல்ல மாதிரி. மென்மையாகப் பேசுகிறவர். கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கார்?"

"இல்லைங்க மேடம்."

"ஏசி?"

"ஃபேன் இருக்கு."

"ஃபேன் தேவையில சேரும், இன்பத்துல சேராது. உல்லாசப் பயணம் ஏதாவது?"

"மச்சினி கல்யாணத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்தோம்."

"அதை விட்டுட முடியுமா?"

"அது முடிஞ்சு பன்னெண்டு வருஷமாச்சு மேடம்."

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "இப்படி வெறுங்கையோட வந்து நின்னீங்கன்னா உங்களை நான் எப்படிங்க துறவி ஆக்கறது? விடறதுக்கு ஏதாவது வேணுமில்ல? வசதி இருக்கறவங்க எவ்வளவு ஆர்வமா வராங்க தெரியுமா? நேத்து ஒருத்தர் மூணு வீட்டுல ஒண்ணைத் துறந்துட்டுப் போனார். மச்சினன் பேருக்கு மாத்திட்டாரு. நீங்க என்னடான்னா ஒரு முயற்சியும் எடுக்கல." படிவத்தில் 'துறக்கத் தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தினார்.

ஆனாலும் ஆணையம் யாரையும் கைவிடுவதில்லை. ஏழைகளுக்கென்று நுகர்வு முன்பயிற்சி என்று ஒரு திட்டம் இருந்தது. இரண்டு வாரம் இன்பத்தில் பழக்கி, பிறகு துறக்கச் சொல்வார்கள். லிஃப்ட்காரரை ஒரு மெத்தென்ற சோபாவில் உட்காரவைத்து, கேக் கொடுத்து, பாட்டுப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள் கேக் திகட்டி, பச்சைமிளகாய் கிடைக்குமா என்று கேட்டார். மூன்றாம் நாள் சோபாவில் ஏதோ கிறீச்சென்று சத்தம் வருகிறதே என்று கவிழ்த்துப் போட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டினார். 'இன்பத்தைக் கொடுத்தால் பழுது பார்க்கிறார். முன்னேற்றம் இல்லை' என்று அம்மா எழுதினார்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பதற்றத்தில் லிஃப்ட்காரர் வாயைத் திறந்துவிட்டார். யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லவே தேவையில்லாத ஒன்றை, போயும் போயும் அந்த மேஜைக்கு முன்னால் சொன்னார்.

"ஒண்ணு விட்டிருக்கேன் மேடம். குடியை. ஒம்போது வருஷம் ஆச்சு."

அது நடந்தது இப்படி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். அவள் துணிப்பையோடு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். இவர் மோட்டார் அறையில் நினைவில்லாமல் கிடந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அவளாக எழுந்து, பஸ் ஏறி, தையல் பிரிந்துவிடுமோ என்று ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்து சேர்ந்தாள். அவர் வீட்டுக்கு வந்தபோது உலை வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து பாத்திரத்தை எடுக்கும்போது மட்டும் அந்தக் கையை வயிற்றில் அழுத்திக்கொண்டாள். அதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

சத்தியம் கித்தியம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குமே சாமி பழக்கம் கிடையாது. முதல் மூன்று மாதம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. வியர்வை, நடுக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. அவள் பாட்டுக்குத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் கழித்து ஒருநாள், அவர் வர லேட்டானபோது, எப்போதும் வாசலில் வந்து நிற்கிறவள் அன்றைக்கு வராமல் உள்ளேயே வேலையாக இருந்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு நிம்மதி வந்தது. எதற்காக ஒருத்தன் ஆசைப்பட்டதை விடவேண்டும், விட்டால் என்ன கிடைக்கும் என்று ஆணையம் பக்கம் பக்கமாக அச்சடித்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு அவருக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

மதிப்பீட்டாளர் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? யார் முன்னாடி விட்டீங்க?"

"யார் முன்னாடியும் இல்லைங்க. வீட்டுலதான்."

"சாட்சி?"

"வீட்டுக்காரம்மா இருந்தா."

"குடும்பத்தார் சாட்சி செல்லாது. தேதி?"

"தேதி பாத்து விடல மேடம்."

அம்மா யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்கிற ஆசை முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் சொன்னார்: "ஒண்ணும் சிரமமில்ல. மறுபடி ஒரு தடவை குடிச்சிடுங்க. ஒரு வாரம் போதும், தொடர்ந்து. நான் பதிவு பண்ணிக்கறேன். வெள்ளிக்கிழமை எங்க முன்னாடி விட்டுடுங்க. சுத்தமான கேஸ் ஆயிடும்."

வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று லிஃப்ட்காரர் பார்த்தார். அம்மா ஏற்கெனவே படிவத்தில் 'வாரம் ஏழு நாள்' என்று நிரப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தம்மா படிச்சவங்களா?"

"ரொம்ப."

"வேலைய விட்டுட்டு வந்துடுங்க."

"வந்துட்டு? இந்த வயசுல எனக்கு யாரு வேலை தருவா?"

"கஞ்சி குடிச்சாவது இருந்துக்கலாம். இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லங்க." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் லிஃப்ட்காரர் போய், குடிக்க முடியாது, வேண்டுமானால் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். விஷயம் தலைவர் வரைக்கும் போனது. அவர் கோப்பில் எழுதினார்: 'இவருக்குக் குடியின் மேல் பற்று இல்லை. ஆனால் குடிக்காமல் இருப்பதன் மேல் கடுமையான பற்று இருக்கிறது. அதையும் அறுக்க வேண்டும். எனினும் ஏழை என்பதால் சலுகை.' சலுகை என்னவென்றால், அவர் குடிக்க வேண்டாம். சாட்சிகள் முன்னால் ஒரு கிளாஸ் நிரப்பி வைப்பார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொன்னால் போதும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். ஒன்பது வருஷமாகச் சொல்வதுதானே. மனைவியிடம், "ஒரு நிமிஷ வேலை" என்றார். அவள் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பத்தாம் மாடிக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் கிளாஸ். லிஃப்ட்காரர் "வேண்டாங்க" என்றார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் முகத்தைத் தலைவர் பார்த்துவிட்டார். முப்பத்தோரு வரிப் பட்டியலைப் படித்து இதுவரைக்கும் ஒரு ஆள் அழுததில்லை. திங்கட்கிழமையிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு மறுப்பு நிகழ்ச்சி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, "இது உங்க வேலையில ஒரு பகுதி. பத்தே நிமிஷம். அதுக்கப்புறம் நீங்க உங்க லிஃப்ட்டைப் பாத்துக்கலாம்" என்றார்கள். சான்றிதழின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வருஷம் முழுக்கப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

லிஃப்ட்காரர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "சார், கிளாஸ்ல கலர் தண்ணி வச்சுக்கலாமா?"

தலைவர் அதிர்ந்துபோனார். "பொய்யா? இந்த ஆணையத்துலயா? இத்தனை பேர் ஒரு உண்மையைப் பாக்க வராங்க. நீங்க கஷ்டப்படறதுதானே அவங்களுக்குப் பலன்? நான் ஆயிரம் பக்கம் எழுதியும் ஒருத்தனுக்கும் புரியல. உங்க நாக்கு ஊறறதைப் பாத்தா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடுது. அந்த வாய்ப்பை அவங்ககிட்டேருந்து பறிக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?" கிளாஸில் உள்ளது உண்மையான சரக்குதான் என்று நிரூபிக்க, நிகழ்ச்சி முடிந்ததும் தலைவரே அதை எடுத்துப்போய்விடுவார். எதையும் வீணாக்கக் கூடாது என்பது ஆணையத்தின் இரண்டாவது கொள்கை. பன்னிரண்டு மணிக்கு அவர் அறையிலிருந்து லேசாகப் பாட்டுச் சத்தம் வரும்.

பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். வங்கி மேலாளர்கள் வந்தார்கள். வேறு தேசத்துத் துறவு ஆணையத்திலிருந்து ஒரு குழு வந்து கிளாஸின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து நிற்பார், வேண்டாங்க என்பார், போவார். மூன்றாம் வாரம் மதிப்பீட்டாளர் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் மறுக்கறீங்க. ஆனா ரொம்பச் சட்டுனு மறுத்துடறீங்க. வந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. கொஞ்சம் தவிக்கணும்."

"தவிப்பு இல்லையே மேடம்."

"அப்ப கிளாஸைக் கையில எடுங்க. வந்துடும்."

எடுத்தார். அடுத்த வாரம் முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். முன்பு எந்தச் சரக்கு குடித்தீர்கள் என்று விசாரித்து அதையே வாங்கி வைத்தார்கள். ஐஸ் போட்டார்கள். ஐந்தாம் வாரம் உதடு வரைக்கும் கொண்டுபோகச் சொன்னார்கள். கூடத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் பக்கத்தில் நின்று, கையிலிருக்கும் சின்ன வெண்கல மணியை ஒருமுறை அடிப்பார். மணி அடித்ததும் லிஃப்ட்காரர் கிளாஸை மேஜையில் வைப்பார். கூடம் எழுந்து நின்று கைதட்டும். "கடவுள் இல்லை, நரகம் இல்லை, யாரும் தண்டிக்கப் போறதில்லை, ஆனாலும் வச்சிட்டாரு பாத்தீங்களா" என்பார் தலைவர். ஒருநாள் ஒரு வங்கி மேலாளர் எழுந்து, "இன்னொரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க, வீடியோ சரியா வரல" என்றார். செய்து காட்டினார்.

இதைச் சொல்ல அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறாம் வாரம் லிஃப்ட்காரர் பத்தரை மணிக்கே கையைக் கழுவத் தொடங்கினார். மோட்டார் அறையில் வடத்தை உருவிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தார். நிகழ்ச்சி ரத்தான ஒரு புதன்கிழமை காரணமில்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். வீட்டில் மனைவி, "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க" என்றாள். "வடம் மாத்தணும், சொன்னா கேக்க மாட்டேங்கறானுங்க, அந்த டென்ஷன்" என்றார். அது பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் இருந்தது. அவள் அன்றைக்கு சாயங்காலம் வாசலுக்கு வந்து நின்றாள்.

ஏழாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. பிரேக் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் கட்டடத்துக்கு வந்தார். எல்லாச் சாவியும் அவரிடம் உண்டு. மொட்டை மாடிக்குத்தான் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். கால் பத்தாம் மாடியில் இறங்கியது. கூடத்தில் காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து, கிளாஸை நிரப்பி, மேஜை மேல் வைத்தார். குடிப்பதற்கில்லை. சும்மா மறுத்துப் பார்க்கலாம் என்றுதான். ஒருநாள் விட்டால் பழக்கம் போய்விடும் என்று அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டார்.

கடிகாரத்தில் பதினொன்று. கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார்.

மணி அடிக்கவில்லை.

அடிக்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கை கீழே இறங்கவில்லை. மூன்று வாரமாக அந்தக் கை மணிக்குத்தான் இறங்கியிருக்கிறது. ஒன்பது வருஷம் அவருக்குள் இருந்த 'வேண்டாம்' இப்போது தலைவரின் மேஜை டிராயரில், ஒரு வெண்கல மணிக்குள் பூட்டிக்கிடந்தது. உதட்டில் ஐஸ் இல்லாத சரக்கின் சூடு. நாக்கு ஊறியது. இடது கையால் சட்டைப்பையில் இருந்த போனைத் துழாவி எடுத்து, கட்டைவிரலால் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க?"

"என்னை வைக்கச் சொல்லு."

"எதை?"

"என்னன்னு கேக்காத. வைன்னு மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. பிறகு, உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, சாப்பிட வாங்க என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"வைங்க."

வைத்தார்.

"வச்சாச்சா?"

"வச்சிட்டேன்."

"கையை எடுத்துட்டீங்களா அதுலேருந்து?"

"எடுத்துட்டேன்."

"ஒரு வாய் உள்ள போச்சா?"

"இல்ல. போகல."

"வெளிய வந்து படியில உக்காருங்க. நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. அவள் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவர் வாசல் படியில், 'இங்கே கடவுள் இல்லை' பலகைக்குக் கீழே, கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் சாவிக்கொத்தை வாங்கிக் காவலாளியிடம் கொடுத்தாள். அதோடு வீட்டிலிருந்து எடுத்து வந்த சான்றிதழையும் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். ஆள் வரவில்லை என்று செயலாளர் காதில் சொன்னபோது தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. மேஜையில் கிளாஸை வைக்கச் சொன்னார். எதிரே காலியான இடத்தைக் காட்டினார். "நண்பர்களே, இதுவரை நீங்க ஒரு துறவியைப் பாத்தீங்க. இன்னிக்கு அந்தத் துறவியையே ஆணையம் துறந்துடுச்சு. இதுக்கு மேல ஒரு நிலை கிடையாது." மணியை அடித்தார். நூற்றிருபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காலியிடத்துக்கு ஆள் தேவை என்று சாயங்காலமே விளம்பரம் போனது. குடியை விட்டு ஐந்து வருஷம் ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். குடித்தே பழக்கமில்லாதவர்களுக்கு ஆணையமே பயிற்சி அளிக்கும். விண்ணப்பதாரர்கள் படியேறி வர வேண்டியிருந்தது. வடம் மாற்ற ஆள் இல்லாததால் லிஃப்ட் நின்றுவிட்டது.

அதே திங்கட்கிழமை அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தைத்து முடித்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவருடைய வலது கை மடியிலிருந்து தானாக எழும்பியது. விரல்கள் ஒரு கிளாஸின் அளவுக்கு வளைந்திருந்தன. கை மார்பைத் தாண்டி, மோவாய் வரைக்கும் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்; தடுக்கத் தெரியவில்லை.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வைங்க" என்றாள்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். புதன்கிழமையும் சொன்னாள். பதினோரு மணி ஆகிறபோது மெஷினை நிறுத்திவிட்டு, கையால் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.